குஸ்கோவில் எத்தனை விசில்?

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கிய பத்தாவது நிமிடம் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூக்கில் பிராணவாயுக் குழாய். மடியில் ஒரு மின்சார ரைஸ் குக்கர். பெண் கேட்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இந்தக் கோலத்தில்தான் பெண்வீட்டார் முன்னால் தள்ளிக்கொண்டு வரப்பட்டார்.

பெரியவர் என்றதும் நரைத்த தலையும் அங்கவஸ்திரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில், எர்லாங்கனில் இருக்கிறேன். தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறேன் என்பதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வேன். நீராவிக் குழாய்களுக்கு வால்வு வடிவமைப்பது என் வேலை. எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்கிற அட்டவணை என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானத்தை வாங்கியது அதுதான்.

மாப்பிள்ளை சுதன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவன் நூரன்பெர்க்கில் பிறந்தவன். பெண் மரிசோல், குஸ்கோக்காரி. எர்லாங்கனில் படித்து, அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். நான்கு வருடக் காதல். இடையில் நின்றது ஒரே ஆள், மரிசோலின் அம்மா எலேனா.

எலேனா அம்மா குஸ்கோ சந்தையில் சூப் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை, மரிசோல் ஒரே மகள். கல்யாணத்துக்கு அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, சம்மதமில்லை என்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று மகளிடம் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தார். உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா, ஞாயிற்றுக்கிழமை என் அடுப்பில் உங்கள் சாப்பாட்டைச் சமைத்துப் போடுங்கள், என் மகள் அங்கே போய் என்ன சாப்பிடப் போகிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

சுதனின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. நீண்ட விமானப் பயணம் கூடாது. அம்மா அவரை விட்டு அசையமாட்டார்.

"அண்ணை, எங்கட பக்கத்தால வர ஒருத்தரும் இல்லை. நீங்கள் வாறீங்களோ?" என்று சுதன் கேட்டான். "அண்டைக்கு ஒபிஸ் பார்ட்டிக்கு நீங்கள் வச்ச சாம்பார் மாதிரி ஒண்டு வச்சாக் காணும். அவ அம்மா விழுந்திடுவா."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாம்பாரை வைத்தது என் மனைவி கயல்விழி. எங்கள் வீட்டில் அவள் சமைப்பாள், நான் குக்கருக்குப் பக்கத்தில் செல்போனோடு நின்று விசில் எண்ணுவேன். ஆனால் நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பார்ட்டியில் ஒரு ஜெர்மன் சகா இரண்டாவது முறை சாம்பார் வாங்கிக்கொண்டு "நீயே செய்ததா?" என்று கேட்டபோது, நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையை நிமிர்த்தச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

கயல்விழி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு வரியில் செய்முறை எழுதினாள். இரண்டாவது வரி: பருப்பு, மூன்று விசில். எங்கள் குக்கரைத் துணியில் சுற்றிப் பெட்டியின் மேலே வைத்தாள். நான் அதை எடுத்து வெளியே வைத்தேன்.

"ரெண்டரை கிலோ. இதத் தூக்க முடியாதா உங்களால?"

"பருப்பு வேக குக்கர் எதுக்கு கயல்? தண்ணி கொதிச்சா பருப்பு வேகும். சிம்பிள் பிசிக்ஸ். ரைஸ் குக்கர் போதும், வெயிட்டும் கம்மி."

 பதினைந்து வருடப் பழக்கம், நான் பிசிக்ஸ் என்று ஆரம்பித்தால் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

விமான நிலையத்துக்கு வருவோம். எலேனா அம்மா குட்டையான, அகலமான பெண்மணி. இரண்டு பின்னல், தலையில் தொப்பி. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடியிலிருந்த ரைஸ் குக்கரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மகளிடம் ஏதோ கேட்டார்.

"சமைக்கப் போவது இவரா என்று கேட்கிறார்" என்று மரிசோல் ஜெர்மன் மொழியில் சொன்னாள். நான் குழாயோடு தலையை ஆட்டினேன்.

குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானலை எடுத்து, அதன் தலையில் இன்னும் பாதிக்கு மேல் ஒரு கொடைக்கானலை வைத்தால் வரும் உயரம். புதன்கிழமை முழுக்க மரிசோல் வீட்டுச் சோபாவில் படுத்து, கொக்கா இலை போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். எலேனா அம்மா சூப் கொண்டுவந்தார். அதில் கறுப்பாக, சுருங்கிய உருளைக்கிழங்குத் துண்டுகள். மலைப்பனியில் உறைய வைத்து, மிதித்து, வெயிலில் காய வைத்து எடுப்பார்களாம். அதாவது வத்தல். நான் ஊர் வழக்கப்படி முதல் தடவை வேண்டாம் என்றேன். ஜெர்மனியில் இப்படி ஒருமுறை வேண்டாம் என்று சொல்லி, ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்கே கிடைக்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான் வேண்டாம் என்றதை எலேனா அம்மா காதிலேயே வாங்கவில்லை. கிண்ணம் நிரம்பியது. எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது.

வியாழக்கிழமை எழுந்து நடக்க முடிந்தது. மரிசோலுக்குக் கடையில் வேலை, நானும் சுதனும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். குஸ்கோ இன்காக்களின் தலைநகரமாக இருந்த ஊர். ஸ்பெயின்காரர்கள் வந்து இன்காக்களின் சுவரை இடித்த அளவுக்கு இடித்துவிட்டு, முடியாத இடத்தில் அதன் மேலேயே வீடும் மாதாகோவிலும் கட்டிக்கொண்டார்கள். கீழே கருங்கல், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. கோரிகாஞ்சா என்ற சூரியன் கோவிலிலும் இதே கதை. மேலே கிறிஸ்தவ மடம், கீழே இன்கா சுவர். நிலநடுக்கம் வந்தபோது மேலே இருந்தது விழுந்தது, கீழே இருந்தது அசையவில்லை என்று ஒரு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ஒரு சந்தில் பன்னிரண்டு மூலை கொண்ட கல் இருக்கிறது. சுற்றியுள்ள கற்களின் ஒவ்வொரு வளைவுக்கும் ஏற்றபடி செதுக்கி, சாந்தே இல்லாமல் பொருத்தியது. இடுக்கில் கத்தி முனைகூட நுழையாது என்றார்கள். எஞ்சினியர் சும்மா இருப்பானா? சட்டைப் பையிலிருந்த மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து இடுக்கில் வைத்து அழுத்தினேன். காவலர் பீப்பியை ஊதினார். சந்தில் இருந்த அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லைத் தொடக்கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதிய பலகை என் தோளுக்கு மேலேயே இருந்தது. சுதன் எதிர்ச்சுவரை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான். அட்டை நுழையவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

அங்கிருந்து சான் பிளாஸ் என்ற மேட்டுத்தெரு. படிகள். என் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் பெருமை பதினெட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டது, நானும் கூடவே உட்கார்ந்தேன். முதுகில் மூட்டையோடு ஓர் அம்மா என்னைத் தாண்டி மேலே போனார். மூட்டையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து என்னைத் தாண்டிக் கீழே போனார். நான் அதே படியில்தான் இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு மிட்டாய் கொடுத்தார்.

மேலே ஒரு தேநீர்க்கடை. பக்கத்து மேஜையில் ஒரு ஜெர்மன் தம்பதி, தேநீர் சூடாகவே இல்லை என்று முனகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், இங்கே எண்பத்தெட்டு டிகிரிதான், அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு ஏறாது என்று கைக்குட்டைக் காகிதத்தில் வரைபடம் போட்டே விளக்கினேன். "அப்படியா!" என்றார் அந்த அம்மாள். கணவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சக்சய்வாமன் கோட்டை. ஒவ்வொரு கல்லும் ஒரு லாரி அளவு. இதை எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று எல்லா நாட்டுப் பயணிகளும் வாய் பிளந்து நின்றார்கள். நான் தஞ்சாவூர்க் கோபுரத்தை அவிழ்த்துவிட்டேன். கேட்க ஆள் சுதன் மட்டும்தான். அவனும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்னென்ன காய் வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தைக்குப் போனோம். பழச்சாறு விற்கும் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். குடித்து முடித்ததும் மிக்ஸியில் இருந்த மிச்சத்தை மறுபடியும் தம்ளரில் ஊற்றினார்கள். அதற்கு யாப்பா என்று பெயராம். கொசுறு! கொசுறே தராத ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எலேனா அம்மா தன் கடையில் நாலு அடுப்புக்கு நடுவே மகாராணி போல நின்றிருந்தார். பக்கத்தில் சிவப்பாக, குட்டித் தக்காளி போல மிளகாய்கள். காரமா என்று கேட்டேன். காரம் என்றார். நாங்கள் யார் என்று தெரியுமா என்கிற பாவனையில் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தேன். அடுத்த கால்மணி நேரம் நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ வாயில் ரொட்டியைத் திணித்தார்கள். காதுக்குள் மணி அடித்தது.

தெளிந்ததும், போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று, பையிலிருந்த துவரம் பருப்புப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். எலேனா அம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதில் வேகவைப்பீர்கள் என்று கேட்கிறார்" என்றாள் மரிசோல்.

"தண்ணீரில்."

"சும்மா தண்ணீரிலா?"

"உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்" என்றேன், ரகசியத்தைச் சொல்கிறவனாக.

எலேனா அம்மா அடுத்த கடைக்காரியிடம் திரும்பி ஏதோ சொன்னார். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மரிசோல் அதை மொழிபெயர்க்கவில்லை. மிளகாய் விஷயமாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊருக்கு வெளியே மொராய், மராஸ் என்ற இரண்டு இடங்கள். மச்சு பிச்சு போகவில்லையா என்று இனி வாழ்நாள் முழுக்க எல்லோரும் கேட்பார்கள் என்று தெரியும். போகவில்லை. பெண் கேட்க வந்த இடத்தில் இரண்டு நாள் காணாமல் போவது மரியாதை இல்லை என்று சுதன் சொல்லிவிட்டான்.

வேனில் பதினெட்டுப் பேரோடு போய், எங்கோ ஒரு மலைச்சாலைப் பிரிவில் இறக்கிவிடப்பட்டோம். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல், தூரத்தில் பனிமலை. வெறிச்சென்று இருந்தது. அப்போது வளைவில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது ஓர் ஆட்டோ. நம் ஊர் ஆட்டோவேதான். முன்கண்ணாடியில் பிள்ளையாருக்குப் பதில் மாதா.

"இது எங்கள் நாட்டில் செய்த வண்டி" என்று ஓட்டுநரிடம் சைகையில் சொன்னேன். அவர் வண்டியைத் தட்டி, நெஞ்சைத் தட்டி, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதல் ஏற்றத்தில் வண்டி நின்றது. எங்கள் நாட்டு வண்டியாயிற்றே என்று நான் இறங்கித் தள்ளினேன். எட்டடி தள்ளியதும் எனக்கு மூச்சு நின்றது. ஓட்டுநர் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். பிறகு அவரும் சுதனும், என்னையும் சேர்த்து வண்டியைத் தள்ளினார்கள்.

மொராயில் பூமிக்குள் வட்ட வட்டமாகப் படிகள் இறங்குகின்றன. மேல்படிக்கும் அடிப்படிக்கும் சூடு வித்தியாசப்படுமாம். எந்தப் பயிர் எந்தச் சூட்டில் வரும் என்று இன்காக்கள் இங்கே சோதித்திருக்கலாம் என்கிறார்கள். நான் வெப்பமானி கொண்டுவராததற்கு வருத்தப்பட்டேன். மராஸில் மலைச்சரிவெங்கும் ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள். தூத்துக்குடி உப்பளத்தை மடித்து மலைமேல் சார்த்தி வைத்ததுபோல் இருந்தது. சாம்பாருக்கென்று ஒரு பை உப்பு வாங்கினேன்.

உப்புப் பாத்திகளுக்கு மேலே ஒரு கல்லில் சுதன் உட்கார்ந்தான்.

"அண்ணை, நாளைக்குச் சரி வருமோ?"

"வராம எங்க போகும்?"

"எனக்கு லீவு திங்கட்கிழமையோட முடியுது. அம்மா ஓம் எண்டு சொல்லாட்டி தான் அவவை விட்டிட்டு வரமாட்டன் எண்டு மரிசோல் நேற்றுச் சொல்லிப்போட்டா. அவ சொன்னா சொன்னதுதான்." ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கீழே போட்டான். "அப்பா காலமையில இருந்து மூண்டுதரம் போன் எடுத்திட்டார். சாம்பார் சாமான் எல்லாம் கிடைச்சுதோ எண்டு கேக்கிறார். அண்ணை இருக்கிறார், பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னனான்."

அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒரு சொல்தான் வந்தது. அவன் முகம் தெளிந்துவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எலேனா அம்மாவின் சமையலறையில் நுழைந்தேன். அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அடுப்பு முழுக்க உங்களுக்குத்தான் என்று கையைக் காட்டினார். கயல்விழியின் தாளைச் சுவரில் ஒட்டினேன். இரண்டாவது வரியில் விசில் என்ற சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, "கொதி" என்று எழுதினேன். பருப்பைக் கழுவி, பெரிய பாத்திரத்தில் போட்டு, மூடி வைத்தேன்.

பதினைந்து நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. என்ன வேகம் என்று சுதனிடம் பெருமைப்பட்டேன். பூசணிக்காய் நறுக்கினேன். புளி கரைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கரண்டியால் கிளறினால் பருப்பு சரளைக்கல் போல அடியில் உருண்டது. தீயைக் கூட்டினேன். பாத்திரம் பொங்கி அடுப்பை அணைத்தது. மறுபடி பற்ற வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரைஸ் குக்கர் டக்கென்று சத்தம் போட்டு, வேலை முடிந்தது என்று அறிவித்தது. திறந்து ஒரு பருக்கையை நசுக்கினேன். நடுவில் வெள்ளையாக அரிசி அப்படியே இருந்தது.

எலேனா அம்மா உருளைக்கிழங்கை உரித்து முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மரிசோல் கதவருகில் நகத்தைக் கடித்தாள். நான் வீடியோவில் கயல்விழியைக் கூப்பிட்டேன். பாத்திரத்தைக் காட்டினேன்.

"துவரம்பருப்ப சும்மா சட்டியிலயா போட்டீங்க? அந்த உயரத்துலயா?" அவளுக்கு முதலில் சிரிப்பு, பிறகு கோபம். "உங்க பருப்பு எங்கயுமே வேகாதுன்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு. நீங்க என்ன இன்ஜினியர்?"

சுதன் என்னையே பார்த்தான். மெதுவாகச் சொன்னான்.

"அண்ணை, அண்டைக்கு அந்த ஜெர்மன் ஆக்களுக்கு நீங்கள்தானே கீறிக் காட்டினனீங்கள். எண்பத்தெட்டு டிகிரி, எவ்வளவு நெருப்பு வச்சாலும் மேல ஏறாது எண்டு."

நான்தான். மேஜைக்கு மேலே அட்டவணை ஒட்டி வைத்திருக்கும் நான்தான். கைக்குட்டைக் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டு, அதே எண்பத்தெட்டு டிகிரியில் இரண்டு மணி நேரம் துவரம் பருப்போடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது இதுதான்.

சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுதனின் முகம் வெளிறியிருந்தது. நூரன்பெர்க்கில் அவன் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பையனின் வாழ்க்கையை ஒரு பொய்த் தலைகுனிவுக்காகப் பணயம் வைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"மரிசோல், நான் சொல்வதை அம்மாவிடம் அப்படியே சொல்" என்றேன். "எனக்குச் சமைக்கத் தெரியாது. அந்தச் சாம்பார் என் மனைவி வைத்தது. நான் பெயர் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். குக்கர் விசில் எண்ணுவேன். இந்தப் பருப்பு வேகாததற்கு நான் காரணம், சுதன் இல்லை. பதில் சொல்லும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

"அப்ப அந்தச் சாம்பார்…" என்றான் சுதன்.

"கயல் வச்சது."

"நாலு வருசமா மறைச்சனீங்கள், அண்ணை?" என்று மட்டும் கேட்டான். 

மரிசோல் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. எலேனா அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தார். மேடைக்கு அடியில் குனிந்து, சாக்கை விலக்கி, எதையோ இழுத்தார். கரி படிந்த, பக்கமெல்லாம் நசுங்கிய, அண்டா அளவில் ஒரு அலுமினிய பிரஷர் குக்கர்.

"இந்த ஊரில் இது இல்லாமல் யாரும் பருப்பு வேகவைக்க மாட்டார்கள்" என்று மரிசோல் சொன்னாள், என்னைப் பார்க்காமல். "சந்தையில் அம்மா அதைத்தான் சொல்லிச் சிரித்தார். பெரியவர் தண்ணீரிலேயே வேகவைக்கப் போகிறாராம், ஜெர்மனியில் புது முறை கண்டுபிடித்திருப்பார்கள் போல என்று."

எலேனா அம்மா பருப்பைக் குக்கருக்குள் கவிழ்த்தார். மூடியைத் திருகினார். அடுப்பில் ஏற்றிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் தள்ளினார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. உட்கார்ந்தேன்.

மூன்று விரல் காட்டினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு ஐந்து விரல் காட்டினார். சரிதான், இந்த உயரத்தில் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறைவு. நான் கணக்குப் போட்டிருந்தாலும் ஐந்துதான் வந்திருக்கும். கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அந்த வாரத்தின் ஒரே புத்திசாலித்தனம்.

முதல் விசில் வந்தது. கோவில்பட்டியிலும் எர்லாங்கனிலும் கேட்கும் அதே சத்தம். நான் ஒரு விரலை மடக்கினேன். எலேனா அம்மாவும் ஒரு விரலை மடக்கினார். இரண்டாவதுக்கு மரிசோலும் சேர்ந்துகொண்டாள். ஐந்தாவதுக்கு நான்கு பேரும் முஷ்டியை மூடி நின்றோம். திறந்தபோது பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

அரிசியும் அதே குக்கரில் ஏறி இறங்கியது. மீதிப் பத்து வரியை சுதனும் மரிசோலும் செய்தார்கள். பெருங்காயத்தைத் தாளித்ததும் எலேனா அம்மா ஆறு தடவை தும்மி, ஜன்னலைத் திறந்துவிட்டார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மராஸ் உப்பை மட்டும் நான் போட்டேன். அதில் கொஞ்சம் கூடிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். எலேனா அம்மா சோற்றின் மேல் சாம்பாரை ஊற்றி, அந்தச் சிவப்பு மிளகாயை ஒன்று நறுக்கிப் போட்டுக்கொண்டு, ஸ்பூனால் நிதானமாகச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வாங்கிக்கொண்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சுதன் ஒரு வாய்கூட வைக்கவில்லை, தட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

எலேனா அம்மா தட்டை நகர்த்தி, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்விதான். மரிசோல் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னவாம்? என்ன கேக்கிறா?" சுதன் பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் பதறினான்.

"எர்லாங்கனில் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார்" என்றாள் மரிசோல்.

"மூன்று" என்றேன் நான். மூன்று விரலைக் காட்டினேன். இந்த ஒரு கேள்விக்கு உலகத்தில் யாரைவிடவும் எனக்கு நன்றாகப் பதில் தெரியும்.

எலேனா அம்மா மகளிடம் திரும்பி, இங்கே ஐந்து, அங்கே மூன்று என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மரிசோல் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. பிறகு சுதனின் தட்டைப் பார்த்து, சாப்பிடாமல் வைத்திருக்கிறானே என்று அதட்டி, அதன் மேலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார். சுதன் அழுதுகொண்டே சாப்பிட்டான். உப்பு அதிகம் என்று அவன் சொல்லவில்லை.

திங்கட்கிழமை குஸ்கோவிலிருந்து கிளம்பும்போது என்னிடம் ரைஸ் குக்கர் இல்லை. எலேனா அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக, கம்பளியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்த நசுங்கிய குக்கரைக் கொடுத்துவிட்டார். நான் தூக்கிக்கொள்கிறேன் என்று சுதன் கையை நீட்டினான். பெண்வீட்டுச் சீரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் சுமக்க வேண்டும் என்று எலேனா அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். விமானத்தில் மேலே உள்ள பெட்டியில் அது நுழையவில்லை. இரண்டரை கிலோ கனம் என்று கயல்விழியின் குக்கரை விட்டுவிட்டு வந்தவன், ஏழு கிலோவை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெர்மனி போய்ச் சேர்ந்தேன்.